டென்டுக்குள் கால் இடிக்கிறதா? ராமநாதபுரம் கரையில் உயரமானவர்கள் பிழை பார்க்கும் முறை

ஆறடிக்கு மேல் உயரம் உள்ளவர்கள், எடை குறைந்த டென்ட் ஒன்றை வாங்கி முதுகில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வருகிறார்கள். முதல் இரவு முடிந்ததும் "டென்ட் குட்டை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பல நேரம் நீளம் குற்றவாளியே இல்லை. முளை மணலில் நழுவியிருக்கும். துணி பனியில் நனைந்து தொங்கியிருக்கும். இல்லையென்றால் படுத்த இடம் சரிவாக இருந்து, ஆள் தூக்கத்திலேயே கால்மாட்டுப் பக்கம் இறங்கியிருப்பார். இன்னொரு டென்டுக்குப் பணம் போடுவதற்கு முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முளையைப் பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். கீழே இன்னர் என்று சொல்வது கொசுவலையும் தரையும் சேர்ந்த உள்பகுதியை. ஃப்ளை என்பது அதன்மேல் போர்த்தும் மழைத்துணியை.

பாதம் துணியில் இடிக்கிறது, காலையில் போர்வையின் கால் பக்கம் ஈரமாக இருக்கிறது

அளவுநாடாவை எடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நீளம் தரையின் நீளம். நீங்கள் படுப்பது தரைக்கு மேலே. மெத்தையின் கனம், அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் பாதம் எல்லாம் சேர்த்தால் கால்விரல் நுனி தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் டென்ட் எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி.

கடைசிச் சுவர் 45 டிகிரி சாய்ந்திருந்தால், 30 செ.மீ. உயரத்துக்குப் போவதற்குள் அந்த முனையில் 30 செ.மீ. நீளம் போய்விடும். 60 டிகிரி என்றால் 17 செ.மீ. போகும். 75 டிகிரிக்கு நிமிர்ந்த சுவரில் 8 செ.மீ.தான் நட்டம். இது ஒரு முனைக்கு மட்டும். தலைமாட்டிலும் இதே கதை. 190 செ.மீ. உயரமுள்ள ஒருவர், இரு பக்கமும் ஐந்தைந்து செ.மீ. இடைவெளியோடு படுக்க 200 செ.மீ. வேண்டும். அப்படியானால் 75 டிகிரிச் சுவர் உள்ள டென்டுக்குத் தரை 216 செ.மீ. இருந்தால் போதும். 60 டிகிரிச் சுவருக்கு 234 வேண்டும். 45 டிகிரிக்கு 260. அந்த நீளத்தில் இலகுவான டென்ட் கிடைப்பது கஷ்டம். ஆக, 216 செ.மீ. டென்டில் சுகமாகப் படுத்தவர் 230 செ.மீ. டென்டில் கால் மடக்கிக்கொண்டு கிடப்பது நடக்கக்கூடியதே.

இந்தக் கோணத்தை யாரும் பெட்டியில் அச்சிடுவதில்லை. தரை நீளம் மட்டும் தெரியும்: நேச்சர்ஹைக் கிளவுட் அப் இரண்டு பேர் டென்டுக்கு 210 செ.மீ., எம்எஸ்ஆர் ஹப்பா ஹப்பா என்எக்ஸுக்கு 213, பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் இரண்டு பேர் டென்டுக்கு 224, ஸீபேக்ஸ் டூப்ளெக்ஸுக்கு 229 என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். இந்த எண்களை வரிசைப்படுத்திக் கடைசியில் உள்ளதை வாங்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கடையில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மொட்டை மாடியில் விரித்து, உள்ளே 30 செ.மீ. உயரத்தில் ஒரு நூலைத் தலைமாட்டுச் சுவரிலிருந்து கால்மாட்டுச் சுவருக்குப் பிடித்து அளந்துவிடுங்கள். மாடியில் முளை அடிக்க முடியாது. நாலு மூலைக்கும் தண்ணீர்க் குடத்தைக் கட்டினால் வேலை முடிந்தது.

வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் ஒரே கம்பு நிற்கும் கூம்பு வடிவம் உயரமானவர்களுக்கு ஆகாது. எல்லாப் பக்கமும் சரிவுதான். தலைமாடு உயர்ந்து கால்மாடு வாலாகக் குறுகும் டென்டும் அப்படியே. இரண்டு முனையிலும் சிறு கம்பியோ வளைவோ நின்று சுவரைத் தூக்கிப் பிடிக்கும் வடிவத்தைத் தேடுங்கள். அந்தச் சிறு கம்பிகளால் எடை கொஞ்சம் கூடும். கூடட்டும், மற்ற எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றால்?

முதலில் கால்மாட்டைத் தூக்குங்கள். ஃப்ளையின் கடைசிச் சுவர் நடுவில் ஒரு சிறு துணி வளையம் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. அதில் கயிறு கட்டி, முழங்கால் உயரச் சவுக்குக் குச்சி ஒன்றின் மேல் போட்டு வெளிப்புறமாக இழுத்துக் கட்டினால் சுவர் வெளியே தள்ளி நிமிரும். இன்னரையும் ஃப்ளையையும் இணைக்கும் கொக்கி அந்த இடத்தில் இருந்தால் இன்னரும் கூடவே வரும்.

அடுத்தது, மெத்தையின் கனத்தைக் குறையுங்கள். மணலில் கனமான காற்றுமெத்தை தேவையே இல்லை. இரண்டு செ.மீ. ஃபோம் மேட் போதும். பாதத்தின் உயரம் குறையக் குறைய சரிவில் கிடைக்கும் நீளம் கூடும். டென்ட் விரிப்பதற்கு முன் படுக்கும் இடத்தில் மணலை ஐந்து செ.மீ. வாரித் தள்ளி ஆழமில்லாத பள்ளம் ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது. மலைப்பாதையில் இந்த வசதி கிடைக்காது. ஆனால் மழைக்காலத்தில் பள்ளம் வேண்டாம், தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும்.

மூன்றாவது, ஸ்லீப்பிங் பேக்கை வீட்டிலேயே வையுங்கள். இமயமலைக்குப் போகிறவர்கள் அதன் பருமனுக்கென்றே இரு முனையிலும் இடம் ஒதுக்க வேண்டும். இந்தக் கரையில் மார்கழி, தை இரவுக்குக்கூட ஒரு பருத்திப் போர்வை போதும். அதனாலேயே இங்கே கொஞ்சம் குட்டையான டென்டிலும் ஒருவர் சமாளித்துவிட முடியும்.

மூலைக்கு மூலை குறுக்காகப் படுக்கலாமே என்பார்கள். 215 × 120 செ.மீ. தரையில் மூலைவிட்டம் 246 செ.மீ. வரும், உண்மைதான். ஆனால் 50 செ.மீ. அகல மெத்தையை மூலைக்குள் நுழைக்க முடியாது. கணக்குப் போட்டால், சாய்த்துப் போட்ட அந்த மெத்தைக்கு நேராகப் போட்டதைவிட நீளம் துளிகூடக் கூடாது. குறுக்காகப் படுப்பதில் லாபம் வேண்டுமென்றால் மெத்தை இடுப்பு வரைக்கும் மட்டும் இருக்கட்டும், பாதம் மெத்தையை விட்டு மூலைக்குள் போகட்டும். பாதம் ஒடுங்கியது, அது நுழையும்.

இவ்வளவும் செய்து பாதம் எங்கும் படாமலே போர்வை நனைகிறது என்றால் அது பனி. அதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

தூங்கும்போது கால்மாட்டுக்கு வழுக்கிப் போகிறேன்

கடற்கரை கடலை நோக்கிச் சரிவது கண்ணுக்குத் தெரியாது, முதுகுக்குத் தெரியும். டென்ட் விரிப்பதற்கு முன் வெறும் மணலில் ஒரு முறை படுத்துப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலைக் கிடைமட்டமாக வைத்து உருள்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. மணலைக் காலால் தள்ளிச் சமமாக்க இரண்டு நிமிடம் ஆகும். டென்ட் தரையும் மெத்தையும் இரண்டுமே வழவழப்பான துணியாக இருந்தால், சிலிக்கான் பசையைத் தரையில் புள்ளி புள்ளியாக வைத்துக் காயவிடுங்கள்.

மாலையில் அடித்த முளை நள்ளிரவில் கழன்றுவிடுகிறது

இதுதான் இந்தக் கரையின் தலையாய நோய். டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் மண்ணுக்குச் செய்தவை. காய்ந்த மணல் அவற்றைப் பிடித்துக்கொள்ளாது. கடைசி முளை ஒரு சாண் நகர்ந்தால் கால்மாட்டுச் சுவர் உள்ளே சாய்ந்து படுக்கும். 224 செ.மீ. டென்ட் அப்போதே 200 செ.மீ. டென்ட்தான். "டென்ட் குட்டை" என்று வரும் புகாரில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு.

மணலில் முளையை அடிக்கக் கூடாது, புதைக்க வேண்டும். ஒரு பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, இழுகயிற்றை அதில் முடிந்து, முழங்கை ஆழக் குழியில் போட்டு மூடி மிதித்துவிடுங்கள். ஐந்து கிலோ அரிசி வரும் பை இதற்கு மிக நல்லது. அதில் மணல் நிரப்பினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை நிற்கும். புதைத்துவிட்டால் மேலே உள்ள மணலின் எடையும் சேர்ந்துகொள்ளும். காலிப் பையாகக் கொண்டுபோவதால் முதுகுக்குச் சுமையே இல்லை. பை இல்லையென்றால் பனைமட்டைத் துண்டோ கரையில் ஒதுங்கிய கட்டையோ போதும். கயிற்றை அதன் நடுவில் கட்டி, இழுபடும் திசைக்குக் குறுக்காகப் படுக்க வைத்துப் புதைக்க வேண்டும். செங்குத்தாக நட்டால் பழைய கதைதான்.

மேல் மணலை ஒதுக்கிவிட்டு ஈர மணல் வரும்வரை தோண்டுங்கள். ஈர மணல் கெட்டியாகப் பிடிக்கும். குழியை மூடியபின் ஒரு பாட்டில் கடல்நீரை ஊற்றி மிதித்தால் இன்னும் இறுகும்.

கயிற்றின் நீளத்தையும் கவனியுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வரும் கயிற்றை ஒரு மீட்டர் தள்ளிக் கட்டினால் அது 45 டிகிரி. இழுவையில் ஏழு பங்கு மேல்நோக்கிப் பிடுங்கும். 1.7 மீட்டர் தள்ளிக் கட்டினால் 30 டிகிரி. மேல்நோக்கிய இழுப்பு ஐந்து பங்காகக் குறையும். (பத்துப் பங்கு என்று வைத்துச் சொல்கிறேன்.) அதனால் டென்டோடு வரும் குட்டைக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு இரட்டிப்பு நீளத்தில் போடுங்கள். இரவில் யாரும் தடுக்கி விழாமல் இருக்க வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். இந்த ஊர் நாய்களுக்கும் அது உதவும்.

ட்ரெக்கிங் கம்பை நட்டு நிறுத்தும் டென்ட் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு: கம்பின் முனை மணலில் மெல்ல மெல்லப் புதைந்து கூரை இறங்கும். முனைக்கு அடியில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள். அந்த வகை டென்ட் எடை குறைவு, நீளமும் தாராளம். ஆனால் அது முழுக்க முளையை நம்பி நிற்பது. மணலில் புதைக்கப் பொறுமை இல்லாதவர்கள், கம்பிச் சட்டத்தில் தானாக நிற்கும் டென்டை வாங்குவதே மேல்.

பாம்பன், மண்டபம் பக்கம் சில இடங்களில் நிலைமை தலைகீழ். மேலே நாலு விரல் மணல், கீழே பழைய பவளப்பாறை. முளை இறங்காது, வளையும். அங்கே சுத்தியலைத் தேடாதீர்கள். கயிற்றை ஒரு கல்லைச் சுற்றிக் கொண்டுவந்து, அதன் முன்னால் பெரிய கல்லைச் சாய்த்துவிட்டால் போதும். கல்லில் உரசிக் கயிறு தேயாதபடி இடையில் ஒரு துணியைச் சுற்றுங்கள்.

காற்று டென்டை அமுக்குகிறது

மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு நடந்தே போகலாம். இது பெரிய வசதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வாடை வீசத் தொடங்கினால் மாறிவிடும். எந்தப் பக்கம் அமைதியோ அந்தப் பக்கம் போங்கள். இந்த வாரம் காற்று எப்படி என்று கரையில் வலை காயவைப்பவரிடம் கேட்டால் கைபேசியைவிடத் தெளிவாகச் சொல்வார்.

டென்டின் ஒடுங்கிய முனையைக் காற்றுக்குக் காட்டு என்பது பொது விதி. உயரமானவர்களுக்கு அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது: ஒடுங்கிய முனை பெரும்பாலும் கால்மாடு, காற்று அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டு வந்து பாதத்தில் ஒட்டவைக்கும். முன்னே சொன்ன சவுக்குக் குச்சியை அந்தப் பக்கம் கட்டாயம் நடுங்கள். இரண்டு முனையும் ஒரே அளவுள்ள டென்ட் என்றால் தலைமாட்டைக் காற்றுக்கு வைத்துப் பாருங்கள். கதவு மட்டும் காற்றைப் பார்க்க வேண்டாம். ஒரு நிமிடத்தில் சோற்றிலும் மணல், காதிலும் மணல்.

இன்னர் முழுக்க வலையாக இருந்தால் மணல் பொடி அதன் வழியாக வந்து விழும். காற்று மிகுந்த மாதங்களில் வருபவர்கள், தரையிலிருந்து ஒரு முழம் வரை துணியும் அதற்கு மேல் வலையும் உள்ள இன்னரைத் தேர்ந்தெடுங்கள். முழுத்துணி இன்னர் வேண்டாம். வெந்துபோவீர்கள்.

சவுக்குத் தோப்பின் ஓரம் நல்ல மறைப்பு. பனைக்கும் தென்னைக்கும் அடியில் வேண்டாம், மட்டை விழும்.

இறுக்கமாகக் கட்டிய ஃப்ளை இரவில் தொங்குகிறது

முளை நகரவில்லை, ஆனாலும் தொங்குகிறது என்றால் துணி நைலான். நைலான் ஈரத்தைக் குடித்து நீளும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. டைனீமா என்ற உறுதியான இழைத் துணி நீளவே நீளாது, விலையோ கண்ணைக் கட்டும். நைலான்காரர்கள் தூங்கப் போகும் முன் ஒருமுறை கயிறுகளை இறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, பழைய சைக்கிள் ட்யூபை வளையம் வளையமாக வெட்டி ஒவ்வொரு இழுகயிற்றிலும் ஒன்று கோத்துவிடுங்கள். துணி தளரத் தளர ரப்பர் இழுத்துக்கொள்ளும்.

உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டுகிறது

190 செ.மீ. ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால் தரையிலிருந்து உச்சந்தலை வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். இலகு டென்டுகளில் பலவற்றின் உச்சி உயரமும் அதே ஒரு மீட்டர்தான். ஏழு செ.மீ. காற்றுமெத்தை போட்டால் முட்டாமல் என்ன செய்யும்? மெத்தையை மாற்றுங்கள், இல்லையேல் உட்காரும் இடத்தில் மணலை வாருங்கள். வாங்கும்போதே 110 செ.மீ. உச்சி பார்த்து வாங்குவது உத்தமம். உச்சி எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம்: அது இடுப்புக்கு நேராக இல்லாமல் ஒரு முனைக்குத் தள்ளி இருந்தால், எழுந்து உட்காரும்போதெல்லாம் நெற்றியில் ஈரத் துணி.

மழையே இல்லை, ஆனால் உள்ளே நனைந்திருக்கிறது

கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். திறந்த வானத்தின் கீழ் ஃப்ளை இரவில் குளிர்ந்து, உங்கள் மூச்சும் வெளி ஈரமும் அதன் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோக்கும். தை, மாசியில் இது கட்டாயம் நடக்கும். டென்ட் ஒழுகுகிறது என்று யாரையும் திட்ட வேண்டாம்.

கதவு இரண்டையும் திறந்து கட்டுங்கள். ஃப்ளையின் கீழ் விளிம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள். மரத்தடியில் வானம் மறைவதால் பனி குறையும். மழைக்கு வாய்ப்பே இல்லாத இரவில் ஃப்ளையைக் கழற்றி வைத்துவிட்டு இன்னரில் மட்டும் படுக்கலாம். உயரமானவர்களுக்கு இது இரட்டை லாபம், கால் இடித்தாலும் அது காய்ந்த வலைதான். இன்னர் தனியாக இல்லாத ஒற்றைத் துணி டென்ட் எவ்வளவு இலகுவானாலும் இந்தக் கரைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

காற்றுமெத்தை விடிவதற்குள் இறங்கிவிடுகிறது

சீமைக் கருவேல முள். வேறு காரணம் தேடாதீர்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும், கையால் தடவினால்தான் தெரியும். கையில் செருப்பை மாட்டிக்கொண்டு தடவுங்கள் என்பது பட்டவர்கள் சொல்வது. முள் நிறைந்த உடைமர நிழலிலும் இதே கவனம் வேண்டும். அடியில் ஒரு விரிப்பு போடுங்கள், ஆனால் அது டென்ட் தரையைவிட நாலு விரல் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து அடியில் சேர்க்கும். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஊரெங்கும் கிடைக்கும், முள்ளுக்கு அசையாது. ஆனால் எடை. நடந்து போகிறவர்களுக்கு அல்ல, பைக்கில் வருகிறவர்களுக்கு.

ஜிப் ஓடமாட்டேன் என்கிறது, கம்பி கழலவில்லை

உப்பும் மணலும். இழுத்துப் பிடுங்காதீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஜிப்பின் பற்களைத் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய் தடவினால் மணல் அதிலேயே ஒட்டும். ஜிப் ஓடுகிறது, ஆனால் பின்னால் பிளந்துகொள்கிறது என்றால் ஓடும் துண்டு அகன்றுவிட்டது. குறடால் இரு பக்கமும் மெதுவாக அமுக்கினால் இன்னும் சில காலம் ஓடும். அலுமினியக் கம்பிகளின் மூட்டுகளையும் ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும்.

நள்ளிரவில் முகத்தில் டார்ச் வெளிச்சம்

இதுவும் அறிகுறிதான். இடம் தவறு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது, டென்ட் பற்றிப் பேச்சே இல்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிப் பக்கம் மாலையானால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எதிரே இலங்கை இருப்பதால் மரைன் போலீஸின் கண் இரவெல்லாம் கரையில் இருக்கும். மீனவக் கிராமத்தின் ஓரம் என்றால் ஊர்த் தலைவரிடம் பகலிலேயே கேளுங்கள். அருகிலுள்ள காவல் நிலையத்தில் பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்துவிடுங்கள். தனியார் தோப்பு கிடைத்தால் அதுவே சிறந்தது, கிணற்றுத் தண்ணீரும் இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். அப்போது திறந்த மணலில் டென்டும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். எந்த மாதமானாலும் காய்ந்த பாசி ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே தள்ளியே இடம் பாருங்கள்.